பீஷ்மர் கணக்கில் ஆறு நாள்

ஏண்டா பேராண்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு வெளக்கப் போட்டுக்கினு கம்ப்யூட்டரோட சண்டை போடுறியே, இன்னாடா விசயம்? எவனோ செத்துட்டான்னு நெனச்சு உங்க ஆயா எழுந்து வந்துட்டா. விசாரிச்சா, செத்தவன் சாவலன்றதுதான் உன் சங்கடமாம். "மொத பாகத்துல செத்த ராசா மூணாம் பாகத்துல எப்படித் தாத்தா வந்தான், தேதியே இடிக்குது"ன்றே. உக்காரு. தேதி இடிக்கிறதப் பத்தி நம்ம ஊரு கரியமாணிக்கத்துக்காரங்கிட்டதான் கேக்கணும். ரேசன் கார்டுல எனக்கு ஒரு வயசு, ஓட்டு கார்டுல இன்னொரு வயசு. ரெண்டாவது தாளு நெசம்னா நான் என் தம்பிக்கே தம்பி. அவன் இன்னும் என்ன அண்ணன்னுதான் கூப்புடுறான்.

நீ அன்னிக்கு மூச்சு விடாம சொன்னத நான் சரியா வாங்கிக்கினேனான்னு பாரு. எல்டர் ஸ்க்ரோல்ஸ்னு ஒரு ஆட்டம். அதுல 1996ல டாகர்ஃபால்னு ஒரு பாகம் வந்துச்சு. கடைசியில பெரிய மந்திரப் பொருள் ஒண்ணு உன் கைக்கு வரும். அத யாருகிட்டக் குடுக்கறியோ அதுக்குத் தக்கபடி முடிவு மாறும். ஆறேழு முடிவு. சரி, அடுத்த பாகம் எழுதறவன் எந்த முடிவ நெசம்னு வைப்பான்? ஒருத்தன் முடிவ எடுத்துக்கினா மத்தவனெல்லாம் சண்டைக்கு வருவான். அதனால எல்லா முடிவும் நடந்துச்சுன்னுட்டான். காலத்துக்குத் தெய்வம் ஒரு டிராகனாம், அது கொஞ்ச நேரம் ஒடஞ்சு போச்சாம், அந்த நேரத்துல ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராததெல்லாம் ஒண்ணா நடந்துச்சாம். டிராகன் பிரேக்குன்னு பேரு. உனக்கு இது மழுப்பல். எனக்கு அத எழுதுனவனக் கூப்புட்டு ஒரு துண்டு போத்தணும்னு தோணுது.

ஏன்றே? நம்ம அர்ச்சுனன் புள்ள அரவானுக்கு நடந்தது அதானே. வியாசர் பாரதத்துல அவன் எட்டாம் நாள் போர்ல அலம்புசன்ற ராட்சசன் கையால சாவுறான். அதோட சரி, நாலு வரி ஆளு. நம்ம பக்கம் வந்தா, போர் தொடங்கறதுக்கு முன்னாலயே காளிக்குக் களப்பலி ஆவுறான். ஒருத்தன் ரெண்டு தடவ எப்படிடா சாவான்? ஒம்பதாம் நூத்தாண்டுல பாரத வெண்பா பாடுன பெருந்தேவனாரும் சரி, பின்னால வந்த வில்லிபுத்தூராரும் சரி, ரெண்டு சாவையும் உடல. பலியும் குடுத்தான், எட்டாம் நாள் வரைக்கும் நின்னு சண்டையும் போட்டான், அதுக்கு ஒரு வரம் இருந்துச்சுன்னு கட்டிட்டாங்க. ஊரு சும்மா இருக்குமா? வெட்டுன தலை கம்பத்துமேல ஒக்காந்து பதினெட்டு நாள் போரையும் பாத்துச்சுன்னு இன்னொரு வரம் சேத்துச்சு. கல்யாணம் ஆவாத புள்ளைய எப்படிப் பலி குடுக்கறதுன்னு மூணாவதா ஒண்ணு. கிருஷ்ணரு மோகினியா வந்து தாலி கட்டிக்கினாரு. அந்தத் தாலிய இன்னிக்கும் சித்திரை மாசம் கூவாகத்துல திருநங்கைங்க கட்டிக்கினு, மறுநாள் அறுத்துட்டு அழுவுறாங்க. நீ இன்னா பண்ணியிருப்பே? "அலம்புசன் எடத்துல தப்பு"ன்னு எழுதிப் போட்டுட்டுத் தூங்கியிருப்பே. அந்த ஓட்டைக்குள்ளதான்டா ஒரு ஊரே உக்காந்து அழுவுது.

ரெண்டாம் பாகம் போடுறதுலயும் நம்மாளுங்க லேசுப்பட்டவங்க இல்ல. பாரதம் முடிஞ்சு பாண்டவரெல்லாம் போயாச்சு. செஞ்சிப் பக்கம் நூறு தலை அசுரன் ஒருத்தன் கெளம்புனான். பாண்டவர் வம்சத்துல வந்த சுனீதன்னு ஒரு ராசா கூப்புட்டான். திரௌபதி மறுபடி வந்தா. மேலச்சேரிக் கோயில்தான் ஆதிக் கோயில்னு கதை. அசுரன் தலையக் கையில வச்சுக்கினு போத்துராசா வெளிய நிக்கிறாரு. சரி, அவருகூடக் காவலுக்கு நிக்கிறவரு யாரு? முத்தால ராவுத்தர். துலுக்கக் குதிரை வீரன், திரௌபதி அம்மன் கோயில்ல காவல்! நபிகள் பொறந்ததே கி.பி. ஆறாம் நூத்தாண்டு. உன் கம்பெனிக்காரன் இப்படி ஒண்ணு வச்சிருந்தா நீ வூட்டையே கொளுத்தியிருப்பே. இங்க எவனும் ராவுத்தரு பொறந்த தேதி கேக்கல. காவலு நல்லாப் பாக்கறாரான்னுதான் பாத்தாங்க.

இத மாதிரி ஒட்டுப் போடத் தெரியாம கெடுத்தவனும் உண்டு. செல்டான்னு சொன்னியே, ஜப்பான்காரன் ஆட்டம். பாகத்துக்குப் பாகம் முன்ன பின்ன இடிக்குதுன்னு எல்லாரும் கொடஞ்சதுல, 2011 கடைசியில புஸ்தகமே போட்டுட்டான். 1998ல வந்த பாகத்துலேருந்து காலம் மூணு கிளையா பிரியுதாம். அதுல ஒரு கிளை, வீரன் தோத்துப் போனா இன்னா ஆவும்ன்றது. தோத்தாவா? நீ தோத்ததுக்கெல்லாம் ஒரு கிளை வச்சா இந்தத் தெரு பத்தாதே. பம்புசெட்டுக் குழாய்ல ஒரு பொத்தல் அடைக்கறன்னு சைக்கிள் டியூப்ப முழுசா சுத்தி, கடைசியில தண்ணியே வராம அடிச்ச மாதிரி ஆச்சு.

இன்னொண்ணு கேட்டே. ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பாகம், 1997. ஏரித்னு ஒரு பொண்ண வில்லன் வாளால குத்திடறான். சண்டையில விழுந்தவன எழுப்ப ஃபீனிக்ஸ் எறகு பையில கட்டுக்கட்டா வச்சிருக்கீங்க, அவள மட்டும் ஏன் எழுப்பலன்னு கேட்டே. நல்ல கேள்வி. உத்தரை வயித்துல செத்துப் பொறந்த பரிச்சித்துவ எழுப்புன கிருஷ்ணரு, அவன் அப்பன் அபிமன்னன ஏன் எழுப்பலன்னு நானும் உன் வயசுல கேட்டேன். ஆனா எப்பக் கேட்டேன்றதுதான் விசயம். கூத்துல அபிமன்னன் விழுந்தப்ப கேக்கல. அப்பக் கேட்டிருந்தா பக்கத்துல மூக்கச் சிந்திக்கினு இருந்த பொம்பளைங்க என்ன உசுரோட உட்டிருக்க மாட்டாங்க. மறுநாள் டீக்கடையில கேட்டேன். கேள்வி டீக்கடைக்கு வந்தா கூத்து செயிச்சிச்சுன்னு அர்த்தம். நடுராத்திரியில, ஆட்டம் நடக்கும்போதே உனக்கு ஓட்டை தெரிஞ்சிச்சின்னா அவன் தேதிய விட்டது பெருசில்ல, உன்ன விட்டுட்டான்.

2015ல வந்த விட்சர் ஆட்டத்துல, பெத்த பொண்ணு மாதிரி இருக்கறவளப் பேய்ப்படை தொரத்துதாம். தேடப் போனவன் வழியில சத்திரத்துல குந்திக்கினு சீட்டு ஆடறானாம். நீ சிரிச்சே. ரெண்டு பக்கமும் படை நிக்க, 700 சுலோகம் கேட்டுட்டுத்தான்டா அர்ச்சுனன் வில்ல எடுத்தான். யானைங்கூட அசையல.

இப்ப பெரிய விசயத்துக்கு வரேன். காலக்கணக்கு இடிக்குதுன்னு சண்டை போட்ட மொத ஆளு நீ இல்ல. துரியோதனன். விராட பர்வம் தெரியுமா? மழை வரலன்னா எடுத்து வாசிப்பாங்களே, அந்தப் பர்வம். பன்னெண்டு வருசம் காடு, ஒரு வருசம் ஒளிஞ்சு இருக்கணும், கண்டுபுடிச்சா மறுபடி காடு. பேடியா ஒளிஞ்சிருந்த அர்ச்சுனன் மாடு மடக்குற சண்டையில வெளிய வந்துட்டான். "பதிமூணு முடியல, ஆள் தெரிஞ்சிபோச்சு, திரும்பிப் போ"ன்றான் துரியோதனன். எல்லாரும் பீஷ்மரப் பாத்தாங்க. அவரு விரல மடக்குனாரு. சந்திரன வச்சு எண்ணுனா வருசத்துக்கு 354 நாள், சூரியன வச்சா 365. அந்த இடிப்ப நேராக்க, அஞ்சு வருசத்துக்கு ரெண்டு மாசம் அதிகமா வரும். ஆக பதிமூணு வருசத்துல அஞ்சு மாசமும் பன்னெண்டு ராத்திரியும் கூடிப்போச்சு, கெடு எப்பவோ தீந்துச்சுன்னுட்டாரு.

நீ இஞ்சினீரு காலேசு. போட்டுப் பாரு. அஞ்சுக்கு ரெண்டுன்னா பதிமூணுக்கு எவ்ளோ? அஞ்சு மாசம், மேல ஒரு மாசத்துல அஞ்சுல ஒரு பங்கு. அதாவது ஆறு நாள். பீஷ்மர் பன்னெண்டுன்றாரு. ஓட்டைய அடைச்ச கையிலயே ஒரு ஓட்டை! அவரும் இது எனக்குத் தோணுற கணக்குன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சாரு, பழுத்த ஆளு.

சரி, கணக்கு கேட்டு துரியோதனன் அடங்குனானா? ஊசிமுனை எடம் குடுக்க மாட்டேன்னான். அவனுக்குத் தேதியாடா சண்டை? நெலம். பீஷ்மர் சரியா ஆறுன்னு சொல்லியிருந்தாலும் குருச்சேத்திரம் நடந்திருக்கும்.

தேதிய எங்க இறுக்கிப் புடிக்கணும்னு நம்ம மண்ணுக்காரனுக்குத் தெரியும். புதுச்சேரிக்கு எப்பச் சுதந்திரம் வந்துச்சு, சொல்லு பாப்போம். ஆகஸ்டு 15ன்னு பள்ளிக்கூடத்துல முட்டாய் குடுத்தான். 1947ல இங்க பிரெஞ்சுக் கொடிடா பறந்துச்சு. 1954 மார்ச் மாசக் கடைசியிலயே நம்ம நெட்டப்பாக்கத்துல அந்தக் கொடி எறங்கிப் போச்சு; எதுவார் குபேர் அங்கயே தற்காலிக அரசாங்கம்னு உக்காந்தாரு. அக்டோபர் 18ல கீழூர்ல 178 பேரு ஓட்டுப் போட்டு, 170 பேரு இந்தியாதான்னாங்க. நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறுச்சு. முடிஞ்சிச்சான்னா இல்ல. 1956ல ஒப்பந்தக் கையெழுத்து, பாரீசுல அதுக்கு ஒப்புதல் வந்து சட்டப்படி சேந்தது 1962 ஆகஸ்டு 16. நடுவுல எட்டு வருசம் நாம யாரு? ஆளுறது டெல்லி, சட்டப்படி பிரான்சு. உன் டிராகன் இங்க ஒடஞ்சு கெடந்துச்சுடா, எவனும் ஆட்டம் செய்யல.

அந்த 1962 தேதிய மட்டும் இந்த ஊர்ல எவனும் மறக்க மாட்டான். அன்னிலேருந்து ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவன் பிரெஞ்சுக் குடிமகன். எழுதுனவன் பேரப்புள்ள பாரீசுல இருக்கான், எழுதாதவன் பேரப்புள்ள இங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டம் ஆடுறான். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்சன் வாங்கற வூட்ல போயி, தேதி ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா இன்னா தாத்தான்னு கேட்டுப் பாரு, செருப்பு வரும்.

உனக்கு அந்த ராசா செத்த தேதியில நெலமா வருது, பென்சனா? ஒண்ணுமில்ல. பின்ன ஏன் கோவம்? நான் சொல்லட்டா? சோறு தண்ணி இல்லாம குந்தி, உன் கையால நீ கொன்ன ராசா அவன். மூணாம் பாகத்துக்காரன் அவன உசுரோட கொண்டாந்து, உன் சண்டை செல்லாதுன்னுட்டான். அதான் எரியுது. அத நேரா சொல்ல வெக்கமா இருக்குது, அதனால பீஷ்மரு வேசம் கட்டிக்கினு நாள் எண்ணுறே.

கம்பெனிக்காரனுக்கு எழுதறதா இருந்தா எழுது. தேதிய எழுதாத, நான் கொன்னவனக் கொன்னதாவே வையுன்னு எழுது. அவனுக்கு அந்த ராசா வேணும்னா ஒரு வரம் குடுத்து எழுப்பிக்கட்டும், வேணாம்னா சொல்லல. ஆனா ஒரு கட்டியக்காரன வைக்கச் சொல்லு. கூத்துல அஸ்தினாபுரத்துச் சபையில நின்னுக்கினு ரேசன் கடையில அரிசி போடலன்னு பேசுவானே, அந்த மாதிரி ஒருத்தன். செத்த ராசா உள்ள நொழையும்போது, "இன்னா சாமி, போன பாகத்துல பதினாறாம் நாள் காரியச் சோறு சாப்புட்டுட்டுப் போனேனே"ன்னு அவன் மொதல்ல கேட்டுட்டா, உனக்குக் கேக்க இன்னாடா மிச்சம் இருக்கும்? நீயே சிரிச்சுட்டு ராசாவ வணங்கி நிப்பே.

அப்புறம் அந்தக் கடுதாசியிலயே அடியில ஒரு வரி சேத்துக்கோ. இங்க பீஷ்மருனு ஒருத்தரு கணக்குல ஆறு நாள் நிக்குது, அவனுங்ககிட்ட ஒடஞ்ச டிராகன் மிச்சம் இருந்தா கரியமாணிக்கத்துக்கு ஒண்ணு அனுப்பி வைக்கச் சொல்லு.