கணினி மணலின் பெருந்தன்மை

விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணையில் கிடக்கும் மணலைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கு ஒரு குணம், வெள்ளத்துக்கு ஒரு புத்தி. அடித்தள நிபுணரின் கணினிக்குள் இருக்கிறதே, அதுதான் மணல்! எந்த ஆழத்திலும் ஒரே சீர், ஒரே பணிவு.

அதற்குள் பைல் எனும் அடித்தளத் தூணை இறக்குவதுகூடத் தேவையில்லை. கணக்கு தொடங்கும்போதே பைல் மண்ணுக்குள் நின்றுகொண்டிருக்கும். சுத்தியல் சத்தமில்லை, டீசல் புகையில்லை, பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலுமில்லை. இவ்வளவு சாத்வீகமான கட்டுமானத்தை உலகம் கண்டதில்லை.

நிஜ மணல் அப்படியா? பைலை அடித்து இறக்கினால், அது பிடிக்கும் இடத்தளவு மணல் ஒதுங்கியாக வேண்டும். மரக்காலைத் தட்டித் தட்டி நெல் அளந்தவர்களுக்கு மிச்சம் புரியும்: தளர்ந்து கிடந்தது இறுகிவிடும். முனைக்குக் கீழே மணிகள் நொறுங்கும். பக்கவாட்டு உராய்வோ, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் குறையும். துளை போட்டுக் கான்கிரீட் வார்த்தால் கதை தலைகீழ். துளைச்சுவர் தளரும், அதைத் தாங்க ஊற்றும் பென்டோனைட் களிமண் குழம்பு ஒரு படலமாக ஒட்டும். நம் பக்கத்துப் பாலங்களுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான். கணினி மணல் இதிலெல்லாம் பாரபட்சம் பார்ப்பதில்லை. அடித்து இறக்கினாலும் துளைத்து வார்த்தாலும் ஒரே விடை தரும். இப்படிப்பட்ட நீதிமான் வேறெங்கே கிடைப்பார்?

ஒரு சிலர் இறக்குவதையும் கணக்கில் கொண்டுவருவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மண்ணைக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ் பைல் முனையருகே முறுக்கிக்கொண்டது, கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கின, மென்பொருள் பாதியில் நின்றது. அதன் ஞானத்தை மதித்து நம்மவர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். பிடிவாதக்காரர்கள் விடவில்லை. மண்ணின் பொருளைத் தனிப்புள்ளிகளில் ஏற்றி, பின்னணிக் கட்டத்தை ஒவ்வொரு படியிலும் புதுப்பித்துக்கொள்ளும் முறையை, ஆய்வாளர் டெபோரா சல்ஸ்கியும் தோழர்களும் 1994-லேயே எழுதிவிட்டார்கள். கட்டம் முறுக்கிக்கொள்ளாததால் மணல் எவ்வளவு நகர்ந்தாலும் கணக்கு நிற்பதில்லை. முப்பது ஆண்டு கடந்தும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத நம்மவர்களின் பொறுமையை என்னவென்று மெச்சுவது! ஒரு பைலுக்கே கணினி இரவெல்லாம் ஓடுமாம். அந்த மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்கு ஒரு விருது தரலாம்.

தளவானூர் தடுப்பணையை இங்கே இழுக்கக்கூடாது என்பார்கள். சரிதான். தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி, 2020 செப்டம்பரில் திறந்து, 2021 ஜனவரியிலேயே ஏனாதிரிமங்கலம் கரைப்பக்கம் உடைந்த அணைக்கும் பைல் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஆற்று மணல் ஒன்றுதான். அதுவும் நம் கணினியில் பயிற்சி பெறாத மணல்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சிவில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் எழுதும் அறிக்கையில் கணினி தரும் நீலமும் சிவப்புமாய் மின்னும் படங்களைத் தாராளமாகப் போடுங்கள். கூடவே, இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 சொல்கிறபடி களத்தில் பைல்மேல் சுமை ஏற்றி, அது எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளந்த வரைபடம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு வண்ணம் தேவையில்லை.