250 ஆம்பியர் ஆசை

தொண்ணூறுகளில் கர்நாடகத்துப் பக்கம் ஒரு பேய் உலவியதாகச் சொல்வார்கள். ராத்திரி வந்து, தெரிந்தவர் குரலிலேயே வாசலில் நின்று கூப்பிடும். கதவைத் திறந்தவர் காலி. அதை ஏமாற்றக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். 'நாளைக்கு வா' என்பதைப் படித்துவிட்டுப் பேயும் நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போய்விடுமாம். மறுநாளும் வந்து படித்துவிட்டு மறுபடி போகும். அந்தப் பேயின் பொறுமை எனக்கு முழுதாகப் புரிந்தது, குவெம்பு நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த கிரில் பட்டறையில் ஒரு செருப்பு ஸ்டாண்டுக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான்.

பட்டறைக்காரர் பேரில் தப்பில்லை. மாடிப்படிக் கைப்பிடி, காம்பவுண்டு கேட், ஷட்டர் என்று லட்சத்தில் வேலை நடக்கிற இடத்தில், முக்கால் இஞ்சு ஸ்கொயர் பைப்பில் மூன்று தட்டு என்பது சில்லறைக் காசு. நான் போய் நிற்கும்போதெல்லாம் முகமூடியைத் தூக்கி, மனசார வருத்தப்பட்டு, "நாளே கொடுத்தீனி சார்" என்பார். ஒரு கட்டத்தில் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. நாமே ஒரு வெல்டிங் மிஷின் வாங்கினால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

"மரத்துல ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சது. எதுக்கு இரும்பு?" என்றாள் மனைவி.

மைசூரில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? 1897இல் இளவரசி கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. பிறகு ஹென்றி இர்வின் வரைபடம் போட்டு, இப்போது இருக்கும் அரண்மனை 1912இல் முடிந்தது. அதன் கல்யாண மண்டபத்தில் நாம் அண்ணாந்து பார்க்கிற தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்த இரும்பு.

"ராஜாவே மரம் வேண்டாம்னு இரும்புக்கு மாறிட்டார். நான் மாறக் கூடாதா?" என்றேன்.

"அப்ப ராஜா சின்னப் பையன். ஆட்சியில இருந்தது மகாராணி. கட்டச் சொன்னது அவங்கதான். அவங்களும் ஆள் வெச்சுத்தான் கட்டினாங்க, மிஷின் வாங்கலை."

சரித்திரம் படித்த பெண்ணிடம் மேற்கோள் காட்டுவதற்கு முன் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். ஆனாலும் கடைசியில் மகாராணி மனமிரங்கி 20,000 ரூபாய்க்கு அனுமதி கொடுத்தார்கள். எங்கள் வீட்டு மகாராணியைச் சொல்கிறேன்.

வெல்டிங் மிஷின் வாங்கப் போகிறேன் என்று தெருவில் மூச்சு விட்டதுதான் தாமதம், ஆலோசகர்கள் முளைத்துவிட்டார்கள். முதலாமவர் தெருக்கோடிப் பெரியவர். யாதவகிரியில் 1961இலிருந்து ஜாவாவும் பிறகு யெஸ்டியும் செய்து தள்ளி, 1996இல் மூடிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்றைக்கும் எங்காவது ஒரு யெஸ்டி போனால் பேச்சை நிறுத்தி, அந்தச் சத்தம் தெரு முனை திரும்பி மறையும் வரை காத்திருந்துவிட்டுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அவர் அகராதியில் கேஸ் வெல்டிங் ஒன்றுதான் வெல்டிங். "கரெண்டுல ஒட்டறதெல்லாம் ஒட்டறதாப்பா?" என்றார்.

இரண்டாமவர் என் மைத்துனர். கோயம்புத்தூர்க்காரர் என்பதால் மிஷின் எதுவானாலும் கருத்து சொல்லும் உரிமை அவருக்குப் பிறப்பிலேயே உண்டு. "மாப்ள, ராடு மிஷின் வாங்குங்க, போதும். மிக் விலையில மூணுல ஒரு பங்கு" என்றார். இது லேசில் தள்ளக்கூடிய பேச்சு இல்லை. ஆங்கிள், தகடு, கேட் சட்டம் என்று 3 மில்லிக்கு மேல் கனமுள்ள வேலைக்கு ராடு மிஷினே போதும். துரு கொஞ்சம் இருந்தாலும் சகித்துக்கொள்ளும், காற்றடித்தாலும் கோபித்துக்கொள்ளாது. கையில் காசு குறைவு, வேலை கனம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் செருப்பு ஸ்டாண்டு 18 கேஜ் பைப். கனம் 1.2 மில்லிதான். அதில் புதுக் கை ராடு பிடித்தால் ஒட்டுவதற்குப் பதில் ஓட்டைதான் விழும். அந்த ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று விழும்.

மிக் வேறு ஜாதி. ராடு மாற்றுகிற வேலையே கிடையாது. உள்ளே உருளையில் சுற்றிய கம்பி, விசையை அழுத்தினால் டார்ச் வழியாகத் தானே நீண்டு வந்து உருகி உட்காரும். உருகும் இடத்தைக் காற்று தொடாமல் ஒரு வாயு போர்த்தியிருக்கும். 1948இல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வகத்தில் அலுமினியத்துக்காக ஆர்கான் வாயுவோடு பிறந்த முறை இது. ஐம்பதுகளில் ஆர்கானுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடே இரும்புக்குப் போதும் என்று கண்டுபிடித்த பிறகுதான் ஏழை பாழைகள் பக்கம் வந்தது.

கடைக்குப் போனேன். ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம். பெங்களூர்க்காரர்கள் பதற வேண்டாம், மைசூருக்கும் சொந்தமாக ஒரு ஹெப்பாள் உண்டு. அங்கே வரிசையாக நின்ற மிஷின்களில் சின்னது ஒன்று, சிவப்புப் பெட்டி, கைப்பிடி வைத்துச் சமர்த்தாக இருந்தது. நெற்றியில் கொட்டை எழுத்தில் 250.

"250 ஆம்ப்ஸ் சார். சிங்கிள் பேஸ். வீட்டு 16 ஆம்ப்ஸ் பிளக்லயே ஓடும்" என்றான் பையன்.

இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். 230 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 3,680 வாட். ஒரு வீட்டுச் சாக்கெட் கையெடுத்துக் கும்பிட்டாலும் அதற்கு மேல் தராது. மிக் மிஷின்களைச் சோதிக்கிற கணக்குப்படி 250 ஆம்பியரில் ஓட 26.5 வோல்ட் வேண்டும். அதைப் பெருக்கினால் 6,625 வாட். உள்ளே 3,680 போய் வெளியே 6,625 வருகிறது என்றால், நான் அந்த மிஷினை வெல்டிங்குக்கு வாங்கியிருக்கவே கூடாது. சிவசமுத்திரத்தில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். 1902இல் அங்கே காவேரியில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்ப எவ்வளவு பாடுபட்டார்கள்! இந்தப் பெட்டி அப்போதே வந்திருந்தால் அணையும் வேண்டாம், அருவியும் வேண்டாம்.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் வாதாடவில்லை. "எல்லாரும் நம்பர் பார்த்துத்தான் வாங்கறாங்க சார்" என்றான். அதைவிட நேர்மையான பதில் கிடையாது.

உள்ளபடி அந்தச் சாக்கெட்டில் நூற்றிச் சொச்சம் ஆம்பியர் வந்தாலே பெரிய காரியம். அதுவே தாராளம். தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: மில்லிக்குச் சுமார் 40 ஆம்பியர். 1.2 மில்லிக்கு ஐம்பதுக்குள், 16 கேஜுக்கு அறுபத்தைந்துக்குள். ஆக, ஸ்டிக்கரில் இருக்கிற 250ஐ நான் சாகும்வரை தொடப்போவதில்லை. எனக்கு வேண்டியது அடிமட்டத்தில், 40, 50 ஆம்பியரில் தடுமாறாமல் நின்று எரிகிற மிஷின். அதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது, ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, வீட்டுக்கு வாங்கியிருக்கிற லோடு எத்தனை கிலோவாட் என்று மின் பில்லைப் பார்த்துக்கொள்வது. சாமுண்டேஸ்வரி மின் கழகம் என்று பெயர் மாறி வருஷக்கணக்காகியும் எங்கள் ஊரில் எல்லாரும் இன்னும் 'கே.இ.பி.' என்றுதான் சொல்கிறோம். பில்லில் 3 கிலோவாட் என்று இருந்தது. கீசரும் மிஷினும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று. குளிக்கிறவர்களுக்கே முன்னுரிமை.

அடுத்தது டியூட்டி சைக்கிள். பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் மிஷின் மூச்சு வாங்காமல் எரியும் என்கிற கணக்கு அது. 30 சதவீதம் என்றால் மூன்று நிமிஷம், மீதி ஏழு நிமிஷம் விசிறி சுற்றி ஆற வேண்டும். 60 சதவீத மிஷினுக்குப் பையன் ஆறாயிரம் கூடக் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் என் முட்டிகளின் டியூட்டி சைக்கிள் 20 சதவீதம். மிஷினுக்கு எதற்கு அதற்கு மேல்? ஆறாயிரம் மிச்சம்.

கேஸா, கேஸ் இல்லாததா என்பதுதான் உண்மையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். கேஸ் என்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். சோடாவில் நுரைக்கிற அதே சரக்கு. வெல்டிங் சுத்தமாக உட்காரும், பொறி குறைவு, கம்பியும் மலிவு. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், அது பனி கட்டாமல் இருக்க ஹீட்டர் என்று தனிக் குடும்பமே கூட வரும். சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருப்பதால் அழுத்தம் காட்டும் முள் கடைசிவரை 'நிறைய இருக்கு' என்று ஒரே இடத்தில் நின்றுவிட்டு, திடீரென்று கையை விரிக்கும். எடை போட்டால்தான் உண்மை தெரியும். போதாததற்கு, எங்கள் கார் ஷெட்டில் மதியம் மூன்று மணிக்குச் சாமுண்டி மலைப் பக்கத்திலிருந்து வருகிற காற்று வாயுவை ஊதிக்கொண்டு போய்விடும். கேஸ் இல்லாததில் கம்பிக்குள்ளேயே மருந்து இருக்கிறது. காற்றுக்கு அஞ்சாது. ஆனால் கம்பி விலை கூட, புகை கூட, மேலே படிகிற கசடைத் தட்டி எடுக்க வேண்டும். தவிர, மருந்துக் கம்பி போட்டால் டார்ச் மைனஸிலும் எர்த் பிளஸிலும் இருக்க வேண்டும். கேஸுக்கு அப்படியே தலைகீழ். இதை மாற்றாமல் ஓட்டிவிட்டு 'மிஷின் சரியில்லை, ஒரே பொறி' என்று திட்டுகிறவர்கள் தினமும் வருகிறார்கள் என்றான் பையன்.

இரண்டும் ஓடுகிற, ராடும் பிடிக்கிற ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். இப்போதைக்கு மருந்துக் கம்பி, கை வந்த பிறகு சிலிண்டர். பிராண்டைவிட நான் கேட்டது வேறு: டார்ச் முனையில் போடுகிற செம்பு டிப் இந்த ஊரிலேயே கிடைக்குமா, போர்டு போனால் பெட்டியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்? இதற்குப் பதில் சொல்லத் திணறிய இரண்டு மிஷின்களை அங்கேயே விட்டுவிட்டேன்.

மிஷின் 14,500. மீதி 5,500இல் தானே இருட்டாகிற கண்ணாடி வைத்த ஹெல்மெட், தோல் கையுறை, கிரைண்டர், கட்டிங் வீல், மூலை மட்டக் காந்தம், கம்பி. ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். ஜி.ஐ. பைப்பையும் அப்படியே எரிக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பி, சாயங்காலம் குளிர்காய்ச்சல் கொண்டுவரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்கார வேண்டும். பட்டறைகளில் இதற்கு மருந்தாக வெல்லமும் பாலும் சொல்வார்கள். வெல்லம் நல்லதுதான், ஆனால் புகையை விழுங்காமல் சாப்பிட்டால் இன்னும் ருசி.

வாங்கிய நேரம் தசரா. ஆயுத பூஜையன்று மைசூரில் நகவெட்டி வரைக்கும் சந்தனம் வாங்கிக்கொள்ளும். மிஷினுக்கு மாலையே போட்டாள் மனைவி. விசிறி ஓட்டைக்குள் போன சாமந்தி இதழ்களை மறுநாள் இடுக்கியால் எடுத்தேன்.

பிறகு வேலை. பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மிக்கில் இரண்டு திருகுதான்: ஒன்று வோல்ட், ஒன்று கம்பி வரும் வேகம். இரண்டும் ஒத்துப்போனால் சத்தம் சீராக வரும் என்பார்கள். விசையை அழுத்தினேன். டப், டப் என்று வெடித்து, கம்பி டார்ச்சைப் பின்னால் தள்ளியது.

சமையலறை ஜன்னலிலிருந்து குரல். "ஏங்க, எண்ணெய் காயவே இல்லை. அதுக்குள்ள வடையைப் போட்டா அப்படித்தான் வெடிக்கும்."

சூடு போதாமல் கம்பி முந்திக்கொண்டால் வருகிற சத்தம் அது. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இதைத்தான் சொல்லித் தருவார்கள். வோல்ட்டைக் கூட்டினேன். புஸ்ஸென்று ஒரு இரைச்சல்.

"இப்ப தீ ஜாஸ்தி."

கொஞ்சம் குறைத்தேன். சடசடவென்று ஒரே தாளத்தில் பொரிந்தது. கசடைத் தட்டிப் பார்த்தால், பைப் மூலையில் ஓட்டை இல்லாமல், மேடும் இல்லாமல், ஒரு கோடு. பெரியவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, விரலால் தடவாமல் வெறும் கண்ணாலேயே நெடுநேரம் பார்த்தார். "பரவாயில்லையே. அம்மாவை இங்கேயே உட்கார வெச்சுக்கோப்பா. மிஷின் தானா ஓடும்" என்றார்.

"எனக்கும் டியூட்டி சைக்கிள் உண்டு தாத்தா" என்று பதில் வந்தது ஜன்னலிலிருந்து. "பத்து நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம்தான்."