ஓடாத ஃபேன்

சத்தம் பிடிக்கவில்லை என்று திருவொற்றியூரில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஊர்த் துரோகி என்று பார்ப்பார்கள். சத்தத்தை விற்றே பேர் வாங்கிய ஊர் இது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட்டை இங்கேதான் செய்தது. வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே வருகிறவர் யார் என்று சொல்லிவிடும் அந்த ‘டுபு டுபு’வுக்காகத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். பிற்பாடு ஒரகடம், வல்லம் வடகால் என்று புதுத் தொழிற்சாலைகள் தெற்கே எழும்பின. சத்தம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரியெல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஓடுகிற லாரியைவிட நிற்கிற லாரிதான் அதிகம் உறுமும் என்பது பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ராயபுரத்தைக் கேட்கவே வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அன்றைக்குத் தூக்கம் கெட்டவர்களின் கொள்ளுப்பேரன்கள் நாங்கள்.

இப்படிப்பட்ட ஊரில், சத்தமும் போடாத, சூடும் ஆகாத கம்ப்யூட்டர் ஒன்றை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. எங்கள் வீட்டில் சினிமா என்றால் தண்டையார்பேட்டை அகஸ்தியாதான். 1967இல் திறந்த தியேட்டர். 2020இல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக டிஸ்க் டிஸ்க்காகச் சேர்த்த படங்களை ஒரே இடத்தில் போட்டு வீட்டையே தியேட்டர் ஆக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கத்தான் இருந்தது. ஆனால் மணிரத்னம் படத்தில் இரண்டு பேர் இருட்டில் நின்று மூன்று சொல் பேசினால், அதில் இரண்டை அதன் ஃபேன் தின்றுவிடும்.

சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டுவது உலகத்தில் தனி மதமாகவே நடக்கிறது. அதன் பக்தர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் கும்பிடும் கம்பெனிகளில் ஒன்று ஆஸ்திரியாவின் நாக்டுவா. அதன் பேர்போன 120 மில்லிமீட்டர் ஃபேன் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதும் 22.6 டெசிபெல்தான் போடும். அதுவே அதிகம் என்று மெதுவாக ஓட்டிக் கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல், தொழிற்பகுதிக்கு 70. எங்கள் தெரு இதில் எந்தச் சாதி என்று தெருவுக்கே தெரியாது. குடியிருப்பு என்றே வைத்துக்கொள்வோம். 45 டெசிபெல் அறையில் 20 டெசிபெல் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் மொத்தம் 65 ஆகாது. டெசிபெல் மடக்கைக் கணக்கில் கூடும், அதனால் விடை 45.01. அந்தப் புள்ளி பூஜ்யம் ஒன்றை ஒழித்துக்கட்டத்தான் நான் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டேன்.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நீண்ட பிறகு இந்த யாத்திரை சுலபமாகிவிட்டது. தேரடியில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடை தூரம். எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தது நாங்கதான் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

“இன்னா சார், கேமிங்கா, எடிட்டிங்கா?” என்றார் கடைப்பையன்.

“படம் பாக்கத்தான் தம்பி.”

“படம் பாக்கவா? ஒரு ஸ்டிக்கு வாங்கி டிவில சொருகுங்க சார். மேட்டர் ஓவர்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பில்லாத யோசனையைக் கேட்டு நடப்பதாக இருந்தால் ஒருவன் ரிச்சி தெருவுக்கு ஏன் வரவேண்டும்?

“சத்தம் வராத ஃபேன் இருக்கா?”

ஏழு கலரில் எரிகிற ஒரு ஃபேனை எடுத்து மேஜைமேல் வைத்தார். “சூப்பரா எரியும் சார்.”

“சத்தம்?”

“கலரப் பாத்துக்கினே இருந்தா சத்தம் தெரியாது சார்.” நான் அசையவில்லை. அவருக்கும் பொறுமை போய்விட்டது. “சத்தமே வரக்கூடாதுன்னா ஓடாத ஃபேன்தான் சார் வாங்கணும்.”

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இந்த மதத்தின் மொத்த சாத்திரமும் கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தில் போய்த்தான் நிற்கிறது.

முதல் விதி, பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டு. வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். காற்றும் பாதியாகும், அதனால்தான் பெரிய ஃபேன். இரண்டாவது, சூடு ஆகிற சாமானையே வாங்காதே. படம் பார்க்கத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை, புராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் போதும். இன்டெல்லில் பேருக்குக் கடைசியில் ‘டி’ போட்டவை 35 வாட் ரகம். 2023இல் வந்த என்100 என்ற குட்டி புராசஸருக்குக் கம்பெனிக் கணக்கு வெறும் 6 வாட். பெட்டி செய்கிறவர்கள் அதை 10, 15 என்று ஏற்றி ஓட்டுவார்கள். 4கே படத்தை விரித்துக் காட்டும் வேலைக்கென்றே அதற்குள் தனிப் பகுதி இருப்பதால் எச்இவிசி, ஏவி1 என்று எந்த வீடியோ வடிவத்தைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது.

மூன்றாவது, ஃபேனே இல்லாமல் வெறும் ஹீட் சிங்க்கை வைத்துக் குளிரவை. இந்த விதியில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஃபேன் இல்லாத ஹீட் சிங்க் ஒன்று வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வாட்டுக்கு 35 டிகிரி, அதுவும் அறையின் சூட்டுக்கு மேலே. ஹெல்சிங்கியில் அறை 21 என்றால் சிப் 56. கத்திரி வெயிலில் மத்தியானம், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்னால் எங்கள் ஹால் 37 என்றால் சிப் 72. காற்றை வைத்துக் குளிர்விக்கிற எந்தக் கூலரும் அறையைவிடக் கீழே ஒரு டிகிரிகூட இறக்காது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கு அந்தச் சாமானுக்குக் கூலர் என்று பேர் வைத்தவன் கையில் கிடைத்திருந்தால் மாடியில் வெறுங்காலோடு நிற்க வைத்திருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் பக்தர்கள் இன்னும் ஒரு படி மேலே. நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிற தட்டின் அதிர்வு பெட்டியில் ஏறி ரீங்காரம் போடக்கூடாது என்று டிஸ்கை எலாஸ்டிக் நாடாவில் கட்டி அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். ஜட்டி நாடா தோதானது. நானும் பழைய கேபினெட்டைத் திறந்து குறுக்கே நாடா கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றார்.

“யாருக்குடா தூளி?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணு. அப்புறம் தூளி கட்டலாம்” என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். மறுநாளே அசையும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது.

ஆனால் சத்தமும் சூடும் சில்லறை எதிரிகள் என்பதையும் அதே அம்மாதான் காட்டிக்கொடுத்தார். எங்கள் பூஜை அலமாரியில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் மாசத்துக்கு மாசம் கறுத்துவிடும், விபூதி போட்டுத் தேய்ப்பார். தாம்பரத்தில் சித்தி வீட்டு வெள்ளியைப் பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்தால் போதும். “நம்ம வீட்டு மேல எவளோ கண்ணு வெச்சிருக்கா” என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு. தரவு மையங்களில் இதையே பரிசோதனையாகச் செய்கிறார்கள். ஒரு செம்புத் துண்டையும் ஒரு வெள்ளித் துண்டையும் ஒரு மாதம் அறைக் காற்றில் வைத்து, மேலே எத்தனை ஆங்ஸ்ட்ராம் படலம் ஏறியது என்று அளப்பார்கள். செம்பில் 300க்குக் கீழே என்றால் ஜி1, காற்று சாது. 2,000ஐத் தாண்டினால் ஜிஎக்ஸ், கம்ப்யூட்டரை வைக்காதே என்று அர்த்தம். எங்கள் ஹால் எந்த வகுப்பு என்று சிமிழை வைத்துக் குத்துமதிப்பாகவாவது பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு மாசம் தேய்க்காமல் சாமி முன்னால் கறுத்த சிமிழை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. மதர்போர்டுக்குள்ளும் செம்பு இருக்கிறது, சிலவற்றில் வெள்ளிப் பூச்சும் இருக்கிறது. ஆனால் அதை விபூதி போட்டுத் தேய்க்க முடியாது.

கந்தகம் வில்லன் என்றால் உப்பு அவனுடைய மச்சான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலைப் பார்த்து ஜன்னல் வைத்த எல்லோருக்கும் அவன் உறவு. போர்டின்மேல் படிந்த உப்புத்தூள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும் வரைக்கும் தூங்கிக்கொண்டிருக்கும். தாண்டிவிட்டால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து உப்புத் தண்ணீராகிவிடும், மின்சாரத்துக்குக் குறுக்குவழி திறந்துவிடும். எங்கள் பக்கம் ராத்திரியில் 75 என்பது சர்வசாதாரணம்.

குளிர்நாட்டுச் சாத்திரம் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. 30 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50க்குக் கீழே வந்துவிடும். அதாவது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் போர்டு காய்ந்தே இருக்கும். அணைத்துப்போட்டு ஜில்லென்று கிடக்கும் போர்டுதான் நனையும். “டிவிய வாரத்துக்கு ஒரு வாட்டியாவது போட்டு வைங்க, இல்லாட்டி போயிடும்” என்று எங்கள் தெரு ரிப்பேர்க்காரர் காலம் காலமாகச் சொல்லி வந்ததை நான் மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் இயற்பியல் பேசியிருக்கிறார். அதற்காகப் பொரிக்கவும் கூடாது. பத்து டிகிரி கூடினால் எலெக்ட்ரோலைட் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆக, எனக்குத் தேவை கூலான கம்ப்யூட்டர் இல்லை. இளஞ்சூடாக, எப்போதும் விழித்திருக்கிற கம்ப்யூட்டர்.

ஃபேனையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். அது என்ன செய்கிறது? ஊர்க் காற்றை ஓயாமல் உள்ளே இழுத்து, உப்பையும் கந்தகத்தையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் சிப்பின் மடியில் கொட்டுகிறது. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை பழுப்பாகி இறங்கும் நாள்கள் எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டுப் பையன் தன் கேமிங் பெட்டிக்கு வடிகட்டியாகக் கொசுவலை ஒட்டியிருக்கிறான். கொசுவலை ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். சாம்பல் துகளில் பெரும்பாலானவை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவன் கம்ப்யூட்டருக்கு இதுவரை டெங்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ரிச்சி தெருப் பையன் வாக்குப்படி ஓடாத ஃபேனையே வாங்கினேன். உடம்பெல்லாம் துடுப்புத் துடுப்பாக அலுமினியம், உள்ளே என்100, மூச்சுவிட ஓட்டை கிடையாது, கரண்டுக்கு வெளியே ஒரு அடாப்டர். கேட்டால் ஹெல்சிங்கிக்காரன் சொல்வான், சத்தத்துக்காக என்று. நான் சொல்வது, தூசுக்காக. சத்தம் போனது இனாம்.

சத்தம் போனதா என்று கேட்டால், மேலே சீலிங் ஃபேன் ஓடுகிறது. 75 வாட் பழைய மாடல். கம்ப்யூட்டரைப்போல ஐந்து மடங்கு கரண்டு குடித்துக்கொண்டு கடக் கடக் என்று தாளம் போடுகிறது. கரண்ட் போனால் அது நின்று அருமையான அமைதி வரும். வந்த நொடியில் யூபிஎஸ் ‘கீ… கீ…’ என்று கத்தி, கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைத் தெருவுக்கே அறிவிக்கும்.

இவ்வளவும் முடித்து முதல் படத்தைப் போட்டபோது அப்பா வந்து உட்கார்ந்தார். ரிட்டையர் ஆகும் வரைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று தொழிற்சாலைகளுக்கு ஒரு வரம்பு உண்டு. தகட்டை அடித்து வளைக்கிற மெஷினிடம் அதை யார் போய்ச் சொல்வது? அப்படிப்பட்ட காதுகளில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் என்கிறார்கள். பேச்சில் ‘ச’வும் ‘த’வும் பிரியாமல் குழம்புவது அதனால்தான். என் பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் அவர் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

“கம்ப்யூட்டர் எங்கடா?”

“அதோ, டிவிக்குப் பக்கத்துல.”

“ஓடுதா?”

“ஓடுதுப்பா.”

“ஃபேன் எங்க?”

“ஃபேனே கெடையாது.”

நம்பவில்லை. எழுந்து போய், ஷாப்பில் பேரிங்கைப் பார்ப்பதுபோல அலுமினியத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார். கையை வைத்துத் தாங்க முடிந்தால் மெஷின் ஓடலாம், தாங்காவிட்டால் நிறுத்து என்பது ஃபிட்டர்களின் தெர்மாமீட்டர். என் கணக்கெல்லாம் கூட்டிக் கழித்துச் சொன்னதை அவர் உள்ளங்கை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

“ம். கை தாங்குது. ஓடட்டும்.” திரும்பி வந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். “இன்னாடா இது, ரெண்டு பேரும் பேசறாங்க, ஒண்ணும் கேக்கலயே” என்றபடி வால்யூமை 60க்கு ஏற்றினார்.