ஓசையின்மை இயல்: லினக்ஸ் மேசைக் கணினியின் மௌனம் குறித்து ஒரு சூத்திரமும் உரையும்

ஓசையின்மை இரு வகைப்படும்: விரும்பிக் காப்பது, விரும்பாமல் வாய்ப்பது. முதல் வகைக்குத் திருவனந்தபுரத்திலேயே உயர்ந்த சான்று உண்டு. கிழக்கே கோட்டை நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி எவ்வளவு உருக்கினாலும் யாரும் கைதட்டக் கூடாது. இரண்டாம் வகைக்குச் சான்று அதே ஊரின் மேசைகளில் இருக்கிறது. படம் ஓடுகிறது, பாடகரின் வாய் அசைகிறது, ஒலியளவு நூறில் நிற்கிறது. சத்தத்தைத்தான் காணோம்.

இவ்வாய்வுக்குத் திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டது என்னையெனின், கூறுதும். 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட ஊர் இது. பூஜப்புரையில் இருக்கும், கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ தனக்கென ஒரு லினக்ஸைத் தொகுத்துக் கேரளப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் லினக்ஸ் பழக்கமான ஊரில், சத்தம் வரவில்லை என்று கடைக்காரரைக் கூப்பிடுவது கௌரவக் குறைவு. காரணம் கண்டுதான் ஆக வேண்டும்.

அதற்கான நூற்பா பின்வருமாறு. தொல்காப்பியத்தை அரங்கேற்றக் கேட்ட ஆசானின் ஊர் என்று சொல்லப்படும் அதங்கோடு இங்கிருந்து தெற்கே அதிகத் தொலைவில்லை என்ற துணிவில், இதை யானே இயற்றினேன். உரை எழுத வேறு ஆள் கிடைக்காததால் உரையும் யானே.

பூட்டிய வாயும் போமிடம் திரிதலும்
காட்டியும் அறியாக் கருவியும் இடையில்
மாட்டிய தூதரும் மறந்த பொத்தானும்
கூட்டிய ஐந்தே ஓசை யின்மை.

‘பூட்டிய வாய்’ என்றது அல்சாவை. யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய இந்த ஒலி அமைப்பு, முதன்முதலாக ஏற்றப்படும்போது எல்லா வாய்க்கால்களையும் ஊமையாக்கி வைத்துக்கொண்டு பிறந்தது. முனையத்தில் அல்சாமிக்ஸரைத் திறந்தால் ஒவ்வொரு தூணின் அடியிலும் ‘எம்எம்’ என்று நிற்கும். எம் விசையைத் தட்டினால் வாய் திறக்கும். திரையில் தெரியும் ஒலியளவுப் பட்டைக்கும் இந்தத் தூண்களுக்கும் சில நேரம் ஒத்துப்போவதில்லை. அது நூறு என்று சத்தியம் செய்யும். இது ஊமை என்று அடம்பிடிக்கும். இரண்டும் உண்மை.

‘போமிடம் திரிதல்’ என்பதே இந்நூற்பாவின் உயிர். ஓசை தொலைந்தது என்று நாம் புலம்பும்போது பெரும்பாலும் அது தொலையவில்லை, வேறு முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தலைமைச் செயலகத்தில் கோப்பு காணாமல் போவதும் இவ்விதமே: அது இருக்கிறது, நாம் நிற்கும் செக்‌ஷனில் இல்லை. கணினியோடு மானிட்டரை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தீர்கள். படம் போகும் அதே கம்பி ஒலியையும் சுமக்க வல்லது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர்கள் சிலவும், ‘ஒலியா? அனுப்புங்கள்’ என்று கணினியிடம் சொல்லிவைக்கும். கணினி நம்பி அனுப்புகிறது. பாட்டு முழுவதும் மானிட்டருக்குள் பாடப்படுகிறது, கேட்பாரில்லை.

வகுப்பறையில் இது இன்னும் செழிப்பாக நடக்கும். 2018-இல் தொடங்கிய திட்டத்தில் கேரளம் 45,000 வகுப்பறைகளை ‘ஹைடெக்’ ஆக்கியது. மடிக்கணினி, புரொஜெக்டர், யூஎஸ்பி ஸ்பீக்கர் என்று மூன்றும் ஒரே மேசையில் கூடினால் ஓசைக்கு மூன்று வாசல். ஆசிரியர் யூஎஸ்பி வாசலில் காத்திருக்க, ஓசை புரொஜெக்டர் வழியாக வெளியேறுவது இலக்கணப்படி பிழையன்று. போதாக்குறைக்கு, செயலிகளின் ஓசையை வாங்கி வாசல்களுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ ஒவ்வொரு செயலியும் கடைசியாக எங்கே பாடியது என்பதைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஆகவே உலாவியின் ஓசை ஒரு வாசலிலும் பாட்டுச் செயலியின் ஓசை வேறொரு வாசலிலும் போகக்கூடும். ‘பாட்டு கேக்குது, யூடியூப் கேக்கல’ என்பார் பொய் சொல்வாரல்லர். பேவ்யூகன்ட்ரோல் என்ற செயலியில், எதன் ஓசை எங்கே போகிறது என்பது வரிசையாகத் தெரியும். அங்கேயே முகவரியை மாற்றிக் கொடுக்கலாம்.

‘காட்டியும் அறியாக் கருவி’: ஒலி அட்டை பலகையில் இருக்கிறது, லினக்ஸுக்கு அதன் மொழி தெரியவில்லை. அப்போது அமைப்புகளில் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரு பெயர் தோன்றும். இல்லாத ஒன்றுக்கும் பெயர் சூட்டும் இப்பண்பு பாராட்டத்தக்கது. ஃபர்ம்வேர் பொதியை நிறுவினால் பெரும்பாலும் தீரும்.

‘இடையில் மாட்டிய தூதர்’ என்றது செயலிக்கும் ஒலி அட்டைக்கும் இடையே ஓசையைச் சுமக்கும் மென்பொருளை. அவர் வரலாறு நீளம். 1992-இல் ஹன்னு சவோலைனன் தந்த ஓஎஸ்எஸ் முதலாக, அல்சா, ஆர்ட்ஸ், 2004-இல் லெனார்ட் பொட்டரிங் தொடங்கிப் பின்னர் பல்ஸ்ஆடியோ எனப் பெயர் பெற்றது, 2021-இல் ஃபெடோரா 34 இயல்பாக ஏற்றுக்கொண்ட பைப்வயர் என்று தூதர்கள் மாறிவந்தனர். முன்னவர் உண்டாக்கிய குழப்பத்தைத் தீர்க்க வந்தவர் என்ற பெயரோடுதான் ஒவ்வொருவரும் பதவியேற்றனர். பொட்டரிங்கே 2008-இல் எழுதிய வழிகாட்டியின் தலைப்பில் லினக்ஸின் இந்த ஒலி உலகைக் காடு என்றுதான் குறித்தார். இன்று பைப்வயர் ஓடும் கணினியில் ‘நீ யார்’ என்று பேக்டில் கட்டளையால் கேட்டுப் பாருங்கள். ‘பல்ஸ்ஆடியோ, பைப்வயர் மேல்’ என்று பதில் வரும். பழைய செயலிகள் பயந்துவிடக் கூடாதென்று முன்னவர் வேடத்திலேயே வேலை பார்க்கிறது. தூதர் மயங்கிக் கிடந்தால் சிஸ்டம்கன்ட்ரோல் கட்டளை மூலம் அவரை மட்டும் எழுப்பலாம். கணினியை அணைத்துப் போடுவோரும் உளர். அதிலும் சத்தம் வந்துவிடும், ஆனால் காரணம் தெரியாமல் போவதால் ஆய்வுலகம் அதை ஒப்புவதில்லை.

‘மறந்த பொத்தான்’ வெளிப்படை. ஸ்பீக்கரின் சுவிட்ச், அதன் திருகு, பச்சை ஓட்டைக்குப் பதில் மைக்குக்குரிய இளஞ்சிவப்பு ஓட்டையில் செருகிய பின் ஆகியன இதில் அடங்கும்.

அஃதேல், நொடியில் பார்த்து முடிக்கக்கூடிய ஐந்தாவதை முதலில் வைத்திருக்கலாமே எனின், வைத்தால் ஏனைய நான்கையும் படிப்பார் இலர் என்க.