4.9 ஹெக்டேரில் ஓர் ஆறு

தமிழ்நாட்டு ஆறுகளை அளக்கிறவர் யாரோ, கைராசிக்காரர். எந்த ஆற்றில் மணல் குவாரிக்கு இடம் குறித்தாலும் பரப்பு பெரும்பாலும் 4.9 ஹெக்டேர் என்றே வந்து நிற்கிறது. மனசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் 4.95. ஐந்தை மட்டும் தொடாது. தொட்டால் வம்பு. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், முழு ஆய்வறிக்கை எழுத வேண்டும். ஐந்துக்குள் அடங்கினால் அந்தத் தொல்லை இல்லை என்று 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வழி செய்து கொடுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் பிற்பாடு அதைக் கண்டித்தது வேறு கதை. நம்மவர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். பாட்டா விலை போட்டு ஆற்றை விற்கப் பழகிவிட்டார்கள்.

அந்த அனுமதிக் கடிதத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும். கண்ணில் நீர் வரும். ஒரு மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது. இரண்டு இயந்திரங்களுக்கு மேல் ஆற்றில் இறங்கக் கூடாது. பாலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இருட்டியபின் அள்ளக் கூடாது. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடக் கூடாது. லாரியைத் தார்ப்பாயால் மூட வேண்டும். கரையில் மரக்கன்று நட வேண்டும். இவ்வளவு கரிசனத்தோடு நம் வீட்டுப் பெண்ணுக்குக்கூட நாம் மாப்பிள்ளை பார்ப்பதில்லை.

அதில் ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. புழுதி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். ஆற்றுக்குள்! ஆற்றின் நட்டநடுவில் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கச் சொல்லும் அளவுக்கு நம் ஆறுகள் முன்னேறிவிட்டன. டேங்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கடிதத்தில் இல்லை. பக்கத்து ஊர் போர்வெல்லாக இருக்கும். அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கோ.

இத்தனையும் நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்? அரசின் மூளை இங்கேதான் மின்னுகிறது. 2003 வரை தனியார் குத்தகை. தனியார் ஆற்றைச் சூறையாடுகிறார்கள் என்று அரசு வருந்தியது. 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளில் 38-ஏ என்று ஒன்றைச் செருகியது. இனி மணலை நாமே விற்போம் என்றது. பொதுப்பணித் துறை கடை திறந்தது. 2021இல் அதிலிருந்து நீர்வளத் துறை பிரிந்தபோது, கல்லாப்பெட்டியும் கூடவே போனது. ஆக, ஆற்றைக் காக்கச் சம்பளம் வாங்கும் துறைதான் ஆற்றை விற்கும் துறை. அளவுக்கு மீறி அள்ளுகிறார்கள் என்று நீங்கள் புகார் எழுதினால், மனு சுற்றிச் சுற்றி அள்ளியவர் மேஜைக்கே வந்து சேரும். அவர் விசாரித்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் போடுவார். பதில் நேரத்துக்கு வரும். அதில் குறை சொல்ல முடியாது.

அரசே விற்கிறது என்றால் உதவிப் பொறியாளர் மண்வெட்டியோடு இறங்குவார் என்று நினைத்துவிடாதீர்கள். அள்ளிப் போடுவதற்கு ‘லோடிங் கான்ட்ராக்ட்’ உண்டு. ஆறு அரசுடையது, ரசீதுப் புத்தகம் அரசுடையது, பொக்லைன் மட்டும் ஒப்பந்தக்காரருடையது. ரசீது முதலா, பொக்லைன் முதலா என்பதுதான் இருபது வருஷத்துக் கதை. குவாரியில் அரசு விலைக்குக் கிளம்பும் மணல் வழியில் ஒரு யார்டில் இறங்கும். அங்கே ‘செகண்ட் சேல்ஸ்’. அங்கிருந்து உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் விலையைக் கேட்டால் மணலா, ரவையா என்று சந்தேகம் வரும்.

இதைத் தடுக்க 2017இல் இணையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்த லாரிக்காரர் நாள்கணக்கில் குவாரி வாசலில் சமைத்துச் சாப்பிட்டுக் காத்துக் கிடந்தார். பதிவு செய்யாத லாரி அவரைத் தாண்டிப் போனது. அதற்குத்தான் வரிசையே கிடையாதே.

அதே வருஷம் மலேசியாவிலிருந்து ஒரு கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. 55,000 டன் மணல், காசு கொடுத்து வாங்கியது. உடனே நம் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். நடைச்சீட்டு எங்கே? எந்த விதியின் கீழ் வருகிறது? ஓட்டாதே லாரியை! வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றமும் போனது. போகும் வழியிலேயே விதியையும் திருத்தினார்கள்: வெளிநாட்டு மணலை அரசுக்கு மட்டும்தான் விற்கலாம். விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்க நம் அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. மணல் மலேசியாவுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2023இல் அமலாக்கத் துறை உள்ளே வந்தது. கான்பூர் ஐஐடிக்காரர்களைக் கொண்டு 28 இடங்களை அளந்தது. மாநிலக் காவல் துறைக்கு அது எழுதியனுப்பிய கணக்கு இது. அனுமதித்த பரப்பு 190 ஹெக்டேர், தோண்டியது 987. அனுமதித்த அளவு 4.05 லட்சம் யூனிட், அள்ளியது 27.70 லட்சம் யூனிட். அரசுக் கணக்கில் வந்த வருமானம் 36.45 கோடி ரூபாய். வந்திருக்க வேண்டியது 4,730 கோடி. மீண்டும் ஒரு முறை படியுங்கள். நூறு ரூபாய் வரவேண்டிய இடத்தில் வந்தது எழுபத்தேழு காசு.

அமலாக்கத் துறைக்கு ஆற்றின்மேல் திடீர்ப் பாசம் ஏன் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்து ஆறு மட்டும் டெல்லியின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பழைய வியாதி. ஆனால் மாநில அரசு என்ன செய்திருக்க வேண்டும்? ‘கணக்கு பொய், வாருங்கள், நாங்களும் அளக்கிறோம்’ என்று டேப்பை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும். அரசு நீதிமன்றத்தில் இறங்கியது. வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் என்று ஐந்து மாவட்ட ஆட்சியர்களை விசாரணைக்குக் கூப்பிட்டதற்கு அரசே வழக்குப் போட்டது. ஆட்சியர்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் போனார்கள். ஜூலையில், ஒப்பந்தக்காரர்கள்மீது அமலாக்கத் துறை எடுத்த நடவடிக்கை சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நல்லது. வழக்கு நிற்கவில்லை. குழிகள் நிற்கின்றன. குழியை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

இதைப் படித்துவிட்டு மாற்றுக் கட்சிக்காரர் மீசையை முறுக்க வேண்டாம். அவர்கள் காலத்துக் கதையும் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 22. முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. அதே மாதம் திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணல் அள்ளியதால் அல்ல, மேலணைக்கு வயதாகிவிட்டது என்று ஆட்சியிலிருந்தவர்கள் விளக்கினார்கள். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது, பாவம், தள்ளாத வயசு. திருச்சிக்கு அந்தப் பக்கம் கரிகாலன் கட்டிய கல்லணை கிடக்கிறது. காட்டனே வியந்து பார்த்த அணை. அதற்கு வயது எத்தனை என்று யாரும் அன்றைக்கு அமைச்சர்களுக்கு நினைவூட்டவில்லை போலும். முக்கொம்பில் புதிய கதவணை கட்ட 387 கோடி ரூபாய் ஆனது. மேலே சொன்ன 28 இடங்களின் வருமானம் இருக்கிறதே, 36.45 கோடி, அதுபோலப் பத்து முறை வந்தாலும் இந்த ஒரு கதவணைக்குப் போதாது. மணலால் அரசுக்கு வருமானம் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கழித்தல் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

படுகை இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிய ஐஐடி வேண்டாம். கொள்ளிடக் கரையில் நின்றால் போதும். மணலோடு மணலாக இருக்க வேண்டிய குடிநீர்க் கிணறு, உறை உறையாக வெளியே தெரிய, நட்டநடு ஆற்றில் மேடை போட்டதுபோல உயர்ந்து நிற்கும். அதைச் சுற்றி மணல் இல்லை. களிமண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். பாலத்துத் தூணில் பழைய மணல்மட்டத்தின் கறை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். பாசன வாய்க்காலின் தலைப்பு மேலே, ஆறு கீழே. தண்ணீர் கண்ணெதிரே போகும், வாய்க்காலில் ஏறாது. கடலோரத்தில் இன்னும் மோசம். நல்ல தண்ணீர் இறங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். கர்நாடகத்திடம் சண்டை போட்டு வாங்கும் காவிரி, நம் தலைமதகுக்கு எட்டாமல் கடலுக்குப் போகிறது. அதற்கு எந்த நடுவர் மன்றத்தில் முறையிடுவது?

சட்டம் தூங்குகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். மாட்டு வண்டிக்காரரைக் கேளுங்கள். வண்டியில் கால் யூனிட் மணலோடு அவர் ஆற்றை விட்டு ஏறும்போது சட்டம் கரையிலேயே நின்று வரவேற்கும். வண்டி பறிமுதல், மாடு பறிமுதல், கனிமத் திருட்டு வழக்கு. காவல் நிலைய வாசலில் நுகத்தடி சாய்ந்து கிடக்கும் அந்த வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கு யார் வைக்கோல் போடுவது என்று ஏட்டையாவும் வண்டிக்காரரும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அந்த வாதம் நடக்கும்போதே ஐந்து யூனிட் ஏற்றிய டாரஸ் ஒன்று அதே சாலையில் போகும். அது மிகவும் பெரியது. அதனால் தெரியாது.

தெரிந்துகொண்டவர்களுக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். 2018 மே மாதம் நாங்குநேரிப் பக்கம் மணல் கடத்தலைத் தடுக்கப் போன தனிப்பிரிவுக் காவலர் அடித்துக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரலில் தாமிரபரணிக் கரை முறப்பநாட்டில் ஒரு கிராம நிர்வாக அலுவலர். மணல் திருட்டு என்று போலீசில் புகார் கொடுத்திருந்தார். பட்டப்பகலில், தன் அலுவலக நாற்காலியில் இருந்தபோது, உள்ளே புகுந்து வெட்டினார்கள். வெட்டிய இருவருக்கும் அந்த வருஷமே ஆயுள் தண்டனை கிடைத்தது. சரி. ஒரு வி.ஏ.ஓ. தனியாளாகத் தாமிரபரணியைக் காக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று யாருக்கும் ஒரு நாள்கூடத் தண்டனை கிடைக்கவில்லை.

அந்தத் தாமிரபரணிக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தன் எண்பத்தைந்தாவது வயதில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் படியேறி, தானே வாதாடி, 2010இல் தடை வாங்கினார். தடை வந்தபின் மணல் அள்ளுவது நின்றதா? பெயர் மாறியது. ஓடையில் சவுடு எடுக்க அனுமதி, லாரியில் மணல். எம்-சாண்ட் வைத்துக்கொள்ள உரிமம், கிடங்கில் ஆற்று மணல். ஆற்றை விட்டுவிடுவோம், எம்-சாண்டுக்கு மாறுவோம் என்று மேடையில் சொல்லும்போது கை தட்டுகிறோம். எம்-சாண்ட் ஆகாயத்திலிருந்து கொட்டுவதில்லை. மலையை உடைத்துத்தான் வருகிறது. அங்கேயும் ஓர் அனுமதிக் கடிதம் இருக்கும். அங்கேயும் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜம்மு காஷ்மீர் வழக்கொன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓர் ஆற்றில் ஆண்டுக்கு எவ்வளவு மணல் புதிதாக வந்து சேர்கிறது என்று அளக்காமல் அள்ளுவதற்கு அனுமதி தரக் கூடாது. நல்ல தீர்ப்பு. நம் ஊரில் எப்படி நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். விற்கும் துறையே அளக்கவும் ஆள் வைக்கும். 1934 முதல் வருகிற வண்டலையெல்லாம் மேட்டூர் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது என்ற செய்தி அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் வராது. மழைக்கு முன்பு ஓர் அளவு, மழைக்குப் பின்பு ஓர் அளவு. டெண்டருக்கு எத்தனை யூனிட் தேவையோ, அத்தனை யூனிட்டை ஆறு அந்த மழையிலேயே கொண்டுவந்து போட்டிருக்கும். கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும், ஜிபிஎஸ் எண்ணோடு வண்ணப் படமும் இருக்கும். படம் பிடிக்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்கு லாரிகளைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள்.