ஒய் அமுக்க என்னலே அவசரம்?

ஏலே பேராண்டி, லேப்டாப்பச் சுத்தம் பண்ணப் போறியாமே, உங்கம்மா சொன்னா. படுத்து எந்திரிச்ச பாயச் சுருட்டி வைக்காத பய, உபுண்டுல வேண்டாத பேக்கேஜத் தேடிப் பிடிச்சு நீக்கப் போறான்! டவுன்லோட்ஸ்ல கெடக்க சினிமால்லாம் உன் கண்ணுல படலை. ஒரு ஓரமா உக்காந்திருக்க கால்குலேட்டர்தான் உறுத்துதாக்கும். சரி, உன் இஷ்டம்.

ஆப்ட் ரிமூவ்னு அடிச்சா பேக்கேஜ் போவும், ஈடிசிக்குள்ள அதோட செட்டிங்ஸ் கெடக்கும். பர்ஜ்னு அடிச்சா அதுவும் போவும். உன் ஹோமுக்குள்ள புள்ளி வச்ச பேருல ஒளிஞ்சிருக்கத ரெண்டுமே தொடாது.

ஆட்டோரிமூவ் வெவரமான ஆளு. ஒரு பேக்கேஜ் வரையில தொணைக்கு நாலு பேரக் கூட்டியாரும்லா, மாப்ளையோட வந்த சனம் மாதிரி? மாப்ளையே கௌம்பியாச்சு, உங்களுக்கு இங்க என்ன சோலின்னு அது பந்தியில இருந்து எழுப்பி விட்டுரும். அதுல எவனாவது உனக்கு வேணும்னா, ஆப்ட்-மார்க் மேனுவல்னு அவன் பேரச் சொல்லிரு, தொடாது. பழைய கர்னல் சேந்து பூட் எடம் நெறஞ்சாலும் ஆட்டோரிமூவையே ஓட்டு. இப்ப ஓடுத கர்னல விட்டு வைக்கும். நீயா உள்ள பூந்து ஆர்எம் போட்டேன்னா நான் பொறுப்பில்ல.

"நான் பைத்தான் எழுதலையே, பைத்தான்3 எதுக்கு?"ன்னு ஒரு நாள் கேப்பே. நீ எழுதலைலே, உபுண்டுக்காரன் எழுதியிருக்கான். அதுல கைய வச்சா, அத நம்பி நிக்கது எல்லாம் சேந்து கௌம்பும்.

கனடால லைனஸ் செபாஸ்டியன்னு ஒருத்தர், கம்ப்யூட்டரக் கழட்டி மாட்டி வீடியோ போடுத பெரிய கை. உபுண்டு வழியில வந்த பாப் ஓஎஸ்ல, கேம் வெளாடுத ஸ்டீம ஏத்தப் போனாரு. கவனி, நீக்க இல்ல, ஏத்த! பேக்கேஜ்ல என்னமோ கோளாறு. இன்னது இன்னது போவப் போவுதுன்னு ஆப்ட் நீளமாப் பட்டியல் போட்டு, இது ஆபத்து, நெசமாவே வேணும்னா "யெஸ், டூ ஆஸ் ஐ சே!"ன்னு முழுசா டைப் பண்ணுன்னு கேட்டுது. மனுசன் எழுத்துப் பெசகாம அடிச்சாரு. டெஸ்க்டாப்பே போயிட்டு. 2021 நவம்பர்ல ஊரே பாத்துச் சிரிச்சுது. அதுக்குப் பொறவு ஆப்ட் எழுதுதவங்க அந்தக் கேள்வியவே தூக்கிட்டு, அத்தியாவசியமானத நீக்கவே விடமாட்டோம்னு கதவச் சாத்திட்டாங்க. அப்பவும் பிடிவாதக்காரனுக்குன்னு தனியா ஒரு ஆப்சன் உண்டு. அதோட பேர நான் உன்கிட்டச் சொல்லுவனா?

ஆனா பைத்தான்3 போவையில அந்தக் கதவு சாத்தாது. வெறும் ஒய்யா என்னான்னுதான் கேக்கும். உன் வெரலு அதுக்குன்னே பொறந்த வெரலு. அதனால மொதல்ல கட்டளையோட மைனஸ் எஸ் சேத்து ஓட்டு. ஒண்ணையும் தொடாம, எது எது போவும்னு மட்டும் காட்டும். ஒண்ண நீக்கச் சொன்னா நாப்பது பேரு வரிசையில நிக்கானா? என்னு அமுக்கிட்டுப் போயி டீ குடி.

அதயும் மீறி அமுக்கிட்டு, உங்கம்மாகிட்ட "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவாப் போச்சு"ன்னு அழுவே. வார் லாக் ஆப்ட்ல ஹிஸ்டரி லாக்னு ஒரு ஃபைல் இருக்கு ராசா. என்னைக்கு, எத்தன மணிக்கு, எந்தக் கட்டளை, என்னென்ன போச்சுன்னு எழுதி, நீ சூடோ போட்டுத்தான ஓட்டுவே, ரிக்வெஸ்டட்-பைன்னு உன் பேரயும் போட்டு வச்சிருக்கும்.