பார்க்கவும் தின்னவும்

கேள்வி: சிதம்பரத்தில் தங்கையின் வளைகாப்பு. விருந்து மேசை நடுவே காய்கறி, பழங்களால் அலங்காரம் வைத்து, அதையே சாப்பிடவும் முடியுமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முடியும். ஆனால் கல்யாண மண்டபங்களில் மணமக்கள் முகத்தைச் செதுக்கி வைக்கும் தர்பூசணி வேண்டாம். மாப்பிள்ளையின் மூக்கில் கத்தி வைக்க யாருக்குத் துணிவு வரும்? கடைசியில் ஈதான் சாப்பிடும்.

பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறெதற்கு அலைகிறீர்கள்? ஏப்ரல் முதல் ஜூலை வரை என்றால் பலாவே போதும். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவி, பழத்தை நீளவாக்கில் பிளந்து சுளைகளை எடுங்கள். வெறும் ஓட்டில் வைத்தால் பால் ஒட்டும். அதனால் அதில் வாழையிலை விரித்து, சுளைகளைத் திரும்ப அடுக்குங்கள். இடையிடையே கறுப்பு திராட்சை. பக்கத்தில் ஒரு வாழைத்தண்டை நிமிர்த்தி நிறுத்தி, வெள்ளரி, அன்னாசி, கொய்யாத் துண்டுகளை ஈர்க்கில் கோத்துச் செருகுங்கள். முள்ளங்கியைப் பூவாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால் இதழ் தானே விரியும். ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்குங்கள். பீட்ரூட்டைத் தள்ளியே வையுங்கள்; அக்கம்பக்கத்தையெல்லாம் தன் கட்சிக்கு இழுத்துவிடும்.

அழகுக்காகக்கூடக் கத்தரிக்காய் வைக்காதீர்கள். சிதம்பரத்துக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் "கொத்சு எங்கே?" என்பார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு, நறுக்குவது கடைசி ஒரு மணி நேரத்தில்தான். பலாக்கொட்டைகளை எறியாதீர்கள், மறுநாள் மாங்காய் போட்ட குழம்புக்கு ஆகும்.